விருந்தாளி மீன்

(சென்ற பௌர்ணமி மாலை சங்க மண்டபத்தில் நிகழ்த்திய தர்மவுரை)



இன்று தானத்தின் வகைகளைப் பற்றிப் பேசுவதாக முன்னரே அறிவித்திருந்தேன். அவ்வுரையை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். சில மாதங்களுக்கு முன்னர் என் மகள் என்னிடம் ஒரு வினா வினவினாள். நான் கூறிய விடை தவறானது. அத்தவறு என் வீட்டோடு முடிந்திருந்தால் அதை இங்கே கொண்டு வந்திருக்க மாட்டேன். ஆனால் அதே விடையை இம்மேடையில் நின்று உங்களுக்கும் பலமுறை கூறியிருக்கிறேன். ஆதலின் அதை உங்கள் முன்னிலையில் திருத்திக்கொள்வதே முறையாகும்.

என் மகளும் மருமகப்பிள்ளையும் இந்நகரத்திலேயே வசிக்கின்றனர் என்பதைப் பலரும் அறிவீர்கள். சென்ற ஆண்டு அவர்களுக்குப் பிறந்த குழந்தை நான்கு நாட்களே உயிரோடிருந்தது. அதன்பின் அவ்வீட்டில் பேச்சு அற்றுப்போயிற்று. என் மகள் சமைப்பாள், துவைப்பாள், வாயிலைப் பெருக்குவாள். ஆனால் பேச மாட்டாள். மருமகப்பிள்ளை கணினி நிறுவனத்தில் பணிபுரிபவர், சாதுவான மனிதர். அவர் எங்கேயோ படித்துவிட்டு, ஒரு கடல்நீர் மீன்தொட்டி வாங்கி வைத்தால் அவள் மனம் சிறிது திரும்பக்கூடும் என்று எண்ணினார். நான் ஆட்சேபித்தேன். "பூந்தொட்டி வைக்கலாமே, மாப்பிள்ளை" என்றேன். அவர் மெல்லச் சிரித்துக்கொண்டு, "மாமா, நீங்கள் வந்து உப்பைக் கரைத்துத் தாருங்கள், போதும்" என்றார்.

உப்பைக் கரைக்க என்னை ஏன் அழைத்தார் என்பதற்குக் காரணம் உண்டு. ஆலையில் நான் இருந்தது பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் பிரிவு. கஞ்சி நீர்த்தால் தறியில் நூல் அறும். தடித்தால் துணி விறைக்கும். அதன் திட்பத்தை ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அளப்போம். கடல்நீர்த் தொட்டிக்கும் அதே கருவிதான். ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, கருவியில் 1.025 என்று காட்ட வேண்டும். தொட்டி நான்கு அடி நீளம், சுமார் 240 லிட்டர் கொள்ளும். எட்டரைக் கிலோ உப்பைச் சுத்திகரித்த நீரில் கலந்தோம். சமையலறை உப்பன்று, கடலிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் முதலிய எல்லாச் சத்துக்களும் சேர்த்துச் செய்த உப்பு. தொட்டியின் நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறையும். புதியவர்கள் குறைந்த அளவுக்கு மீண்டும் உப்புநீரை ஊற்றுவார்கள். நீர்தான் ஆவியாகிறதேயன்றி உப்பு ஆவியாவதில்லை. ஆதலின் நன்னீரையே ஊற்ற வேண்டும். இதை நான் சொன்னபோது மருமகப்பிள்ளை வியந்தார். கஞ்சித் தொட்டியில் முப்பதாண்டு நின்றவனுக்கு இது வியப்பன்று.

தொட்டி நிரம்பியவுடன் மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றும். அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும். அதற்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். அத்தனை நாளும் வெறும் நீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என்னிடம், "அப்பா, கல்லின்மேல் பழுப்பாகப் பாசி படர்கிறது, பாருங்கள்" என்றாள். மூன்று மாதத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

பிறகு இரண்டு சிறு கோமாளி மீன்கள் வந்தன. அவை கடினமான பிராணிகள். எதைப் போட்டாலும் உண்டு வாழும். அவற்றோடு நின்றிருந்தால் இந்த உரைக்கு இடமில்லை. கடைக்குச் சென்ற ஒரு நாள் என் மகள் மூலையிலிருந்த ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டாள். அதிலிருந்தது மாண்டரின் மீன். விரலளவே நீளம். நீல உடலில் செம்மஞ்சள் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பழைய சீன நாட்டு அரசவை அதிகாரிகளின் பட்டாடையை நினைவூட்டுவதால் இப்பெயர் பெற்றது. நீல நிறமுடைய பிராணிகள் பெரும்பாலானவற்றில் நீலம் என்பது ஒளி சிதறுவதால் தோன்றும் தோற்றமேயன்றிச் சாயமன்று. இம்மீனின் தோலிலோ உண்மையான நீலச் சாயம் இருப்பதை 1995 ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதற்குச் செதிள் கிடையாது. கசப்பும் நாற்றமும் உடைய வழவழப்பான சளிப்படலமே அதன் கவசம். நீந்துவதைக் காட்டிலும், அடித்துடுப்புகளை ஊன்றிக் கல்மேல் நடப்பதுபோலச் செல்லும். "இது சாப்பிடுமா?" என்று என் மகள் கேட்டாள். "எல்லாம் சாப்பிடும் அம்மா" என்றார் கடைக்காரர். நானும் அருகில் நின்றேன். கைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். இதை மறைக்க விரும்பவில்லை.

அது எங்கிருந்து வந்தது? ஜப்பானின் தென்கோடித் தீவுகள் முதல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரையில் பவளப்பாறைகளின் உட்புறத்து ஆழமற்ற கடலே அதன் இல்லம். நம் இந்தியக் கரையில் அது இல்லை. 1927 ஆம் ஆண்டு ஹெர்ரே என்னும் அறிஞர் பிலிப்பைன்ஸ் மீன்களைப் பற்றி எழுதுகையில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். உடைந்த பவளத் துண்டுகளின் இடுக்குகளில் பகலெல்லாம் மறைந்து மேய்ந்துகொண்டிருக்கும். சூரியன் மறையும் வேளையில் மட்டும் ஆணும் பெண்ணும் வெளிவந்து, வயிற்றோடு வயிறு சேர்த்துக்கொண்டு, நடுக்கத்தோடு மெல்ல மேலே எழும்பி, முட்டைகளை நீரில் விட்டுவிட்டுப் பாறைக்குள் பாய்ந்து மறையும். அந்த எழுச்சி சில விநாடிகளே.

அங்கே மூழ்கி மீன் பிடிப்பவர்கள் ஏழைகள். வண்ண மீன்களைப் பிடிப்பதற்குச் சயனைடு என்னும் நஞ்சைக் கரைத்துப் பாறை இடுக்குகளில் பீய்ச்சும் கொடிய வழக்கம் பிலிப்பைன்ஸில் 1960களில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. மீன் மயங்கும், சுற்றியுள்ள பவளம் மடியும். பகவான் புத்தர் இல்லறத்தார் செய்யலாகாத வாணிபங்கள் ஐந்து என வகுத்தார்: ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு. இந்த ஒரு தொழிலில் ஐந்தில் இரண்டு சேர்ந்துவிடுகின்றன. ஆயினும் குற்றத்தை அந்த மூழ்குபவன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியுமா? அவன் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். வாங்குபவன் இல்லையேல் அவன் வேறு மீனைப் பிடித்திருப்பான். அல்லது வேறு தொழிலுக்குச் சென்றிருப்பான். அன்று கடையில் பணம் எண்ணிக் கொடுத்தவன் பௌத்த உபதேசி.

மீன் வீட்டிற்கு வந்தது. முதல் வாரம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தொட்டியில் உணவு போடுவார்கள். கோமாளி மீன்கள் பாய்ந்து உண்ணும். மாண்டரின் திரும்பியும் பாராது. கல்லின்மேல் எதையோ கொத்திக்கொண்டேயிருக்கும். அது உண்கிறது என்றே நாங்கள் நினைத்தோம். மூன்றாம் வாரம் அதன் வயிறு உள்வாங்கிற்று. முதுகெலும்பின் இருபுறமும் பள்ளம் விழுந்தது. நிறம் மட்டும் குறையவேயில்லை, அதுதான் கொடுமை. பட்டாடை உடுத்திய ஒருவன் பட்டினியால் நலிவதைப்போல இருந்தது.

அப்பொழுதுதான் என் மகள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, இது நம்மால் சாகிறதா?"

நான் அவளுக்கு அநித்தியத்தைப் போதித்தேன். தோன்றியவை யாவும் மறையும்; கடலிலிருந்தாலும் ஒரு நாள் மடியத்தான் போகிறது; பற்றை விடு என்றேன். நன்றாகத்தான் பேசினேன். இம்மண்டபத்தில் பேசியிருந்தால் நீங்கள் தலையசைத்திருப்பீர்கள். அவள் தலையசைக்கவில்லை. "அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொன்னீர்கள்" என்றாள். சற்று நேரம் கழித்து, "குழந்தைக்கு எல்லாரும் எல்லாம் செய்து பார்த்தார்கள். இதற்கு நாம் என்ன செய்து பார்த்தோம்? அநித்தியம் என்பது சோறு போடாததற்குச் சாக்கா, அப்பா?" என்றாள்.

என்னிடம் விடையில்லை. வீட்டிற்குச் சென்றேன். இரவெல்லாம் உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, அநித்தியம் பகவானின் வாக்கு, அதில் ஐயமில்லை. ஆனால் எவ்விடத்தில் எவர் வாயால் அது சொல்லப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பசித்தவனிடம் உணவு கையிலிருப்பவன் அநித்தியம் பேசலாகாது. ஆலை மூடிய ஆண்டில் ஒரு பெரியவர் எங்களைக் கூட்டி வைத்து, எல்லாம் மாறும், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று நல்லுரை பகர்ந்தார். அவர் வீட்டில் அன்று மாலை அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டில் எரியவில்லை. அவர்மீது எனக்கு அன்று எழுந்த சினம் இன்றும் நினைவிருக்கிறது. அப்படியிருந்தும் அவர் நாற்காலியில் நானே போய் அமர்ந்துவிட்டேன்.

மறுநாள் மருமகப்பிள்ளையும் நானும் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். அறிந்தது இது. மாண்டரின் மீன் இயற்கையில் உண்பவை உயிருள்ள நுண்பிராணிகள். அவற்றுள் முதன்மையானது கோபிபாட் என்னும் இறாலினத்துச் சிற்றுயிர். ஒரு மில்லிமீட்டரளவே இருக்கும். அது அசைந்தால்தான் இம்மீனுக்கு உணவென்று தெரியும். ஒரே வேளையில் வயிறு நிறைய உண்டு ஓய்ந்திருக்கும் இயல்பும் இதற்கில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டேயிருக்க வேண்டும். புதிய தொட்டியில் கல்லிலுள்ள சில நூறு பிராணிகளை இரண்டு மூன்று வாரங்களில் உண்டு தீர்த்துவிடும். பிறகும் கொத்திக்கொண்டேயிருக்கும், வாயில் ஒன்றும் அகப்படாது. இதை வளர்த்துப் பழகியவர்கள், குறைந்தது ஆறு மாதமாவது முதிர்ந்த, கல் நிறைந்த, முந்நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டியில்தான் இதை விடவேண்டும் என்கிறார்கள். அதே உணவுக்குப் போட்டியிடும் வேறு மீன் உடனிருக்கக் கூடாது. இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். எங்கள் தொட்டிக்கு வயது மூன்று மாதம்.

உணவு நிறைந்த தொட்டியில் அம்மீன் பசித்திருந்தது. ஆலை மூடியபின் என்னிடம் பலர், "உலகத்தில் வேலையா இல்லை?" என்று கேட்டதுண்டு. இருந்தது. என் கைக்கு அறிமுகமான வேலை இல்லை. எட்டு மாதம் அலைந்தேன்.

இனி என்ன செய்வது? முதலில் எழுந்த எண்ணம், அதை விட்டுவிடுவது. நம்மவர்களில் சிலர் விசேஷ நாட்களில் கடையில் மீன் வாங்கி ஏரியில் விட்டுப் புண்ணியம் சேர்க்கிறார்கள். மனவருத்தத்தோடு சொல்கிறேன்: அவ்வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. விடுவதற்காக வாங்குவோர் உளரென்றால், விற்பதற்காகப் பிடிப்போரும் உளராவர். அயல்நாட்டு மீன் ஏரியில் பிழைத்தால் அங்குள்ள மீனை அழிக்கும். பிழைக்காவிட்டால் அது கொலை. கடல்மீனை ஏரியில் விட்டால் அது மாளும். கடலில் விடலாமென்றாலோ, இந்நகரத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அங்கிருப்பதும் அதன் கடலன்று. நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்கமீன், வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாலேயே 1980களிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பரவி, அங்குள்ள சிறு மீன்களைச் சூறையாடி வருகிறது என்று கருதுகின்றனர். கருணையோடு விட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

ஆகவே வந்த விருந்தாளிக்கு உணவு தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கேதான் எனக்குப் பெரிய இடர்ப்பாடு வந்தது. பிக்குகளுக்கு உரிய எட்டுப் பொருள்களில் நீர்வடிகட்டியும் ஒன்று என்பதை அறிவீர்கள். குடிக்கும் நீரிலுள்ள சிற்றுயிர் மாளலாகாது என்பதற்காகவே பகவான் அதை வைத்தார். நாங்களோ மெல்லிய துணியை வாங்கி, சிற்றுயிர்களை வடித்தெடுத்து மீனுக்கு ஊட்டக் கற்றுக்கொண்டோம். உப்பிறாலின் முட்டைகள் என்று விற்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்து பெருமளவில் வருபவை. பழுப்பு நிறத் தூளைப்போலிருக்கும். உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். உப்புநீரில் இட்டு, காற்றுக் குமிழி விட்டு, மிதமான சூட்டில் வைத்தால் ஒரு நாளில் பொரித்துச் செந்நிறப் புள்ளிகளாக நீந்தும். பொரித்த சில மணி நேரத்திற்குள் ஊட்ட வேண்டும். அதன்பின் அவற்றின் வயிற்றிலுள்ள கரு தீர்ந்து சத்துக் குறைந்துவிடும். ஒரு கரண்டித் தூளில் எத்தனை ஆயிரம் உயிர்! முதல் சீலத்தை நாள்தோறும் ஓதும் என் கை அவற்றை வடிகட்டிற்று.

இது குற்றமா என்று கேட்டால், குற்றமன்று எனத் தீர்ப்புக் கூறும் துணிவு எனக்கில்லை. கடலில் அம்மீன் உண்டால் அது அதன் இயல்பு. என் கையால் உண்டால் என் கைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அப்பங்கு வடிகட்டிய அன்று தொடங்கியதன்று. கடையில் பணம் கொடுத்த அன்றே தொடங்கிவிட்டது. பின்னர் வந்த கணக்கெல்லாம் அந்த ஒரு செயலின் வட்டியே. இதை உணர்ந்த பிறகு, ஊட்டாமல் விட்டு என் கையைத் தூய்மையாக வைத்துக்கொள்வது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஜாதகக் கதைகளில் எழுபத்தைந்தாவதில் போதிசத்துவர் மீனாகப் பிறந்து, குளம் வறண்டபோது சேற்றுக்குள்ளிருந்து வெளிவந்து, தம் வாய்மையின் வல்லமையால் மழை பெய்வித்துத் தம் இனத்தைக் காத்தார். கண்ணாடித் தொட்டியின் மேல் மழை பெய்யாது. அங்கே நீரும் நாமே, வெயிலும் நாமே, பஞ்சமும் நாமே.

நலிந்த மீன் உடனே உண்டுவிடவில்லை. பொரித்த இறாலைத் தொட்டியில் விட்டால் நீரோட்டத்தில் அடித்துச் செல்லும். கோமாளி மீன்கள் விழுங்கிவிடும். அனுபவமுள்ளோர் ஓர் உபாயம் கூறினர். ஒரு சிறு கண்ணாடிச் சாடியைத் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் கிடத்தி, அதற்குள் ஒரு குழாயின் வழியே இறாலை விட வேண்டும். மாண்டரின் மெல்ல நடந்து உள்ளே செல்லும். மற்ற மீன்கள் அவ்வளவு எளிதில் நுழையா. என் மகள் நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் அரைமணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தாள். ஐந்து நாள் அது சாடியைச் சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே போகவில்லை. ஆறாம் நாள் மாலை மருமகப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். பேசியது அவரல்லர். "அப்பா, உள்ளே போய்விட்டது. கொத்துகிறது, கொத்துகிறது" என்று என் மகள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். பின்னர் அழுதாள். குழந்தைக்காக அவள் அழுததை நான் அன்றுதான் கேட்டேன்.

நான் ஒன்றும் போதிக்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்பொழுது தொட்டியின் பக்கத்தில் மற்றொரு சிறு தொட்டி இருக்கிறது. அதில் மீன் இல்லை. பாசியும் கோபிபாட்டும் மட்டும் வளர்கின்றன. மீனின் வாய்க்கு எட்டாத இடத்தில் அவை பெருகி, ஒரு பகுதி மட்டும் குழாய் வழியே பெரிய தொட்டிக்கு வந்து சேர்கின்றன. கஞ்சிப் பிரிவில் ஒரு தொட்டியில் காய்ச்சி மற்றொன்றில் ஓடவிடுவது போன்ற ஏற்பாடு. இதை அமைத்துக் கொடுத்ததில் மட்டும் எனக்குச் சிறிது பெருமை உண்டு. மீனின் வயிறு இன்னும் முழுவதும் உருண்டுவிடவில்லை. ஆனால் பள்ளம் மறைந்துவிட்டது.

இளைஞர்கள் சிலர் என்னிடம், "அப்படியானால் நாங்களும் வளர்க்கலாமா?" என்று கேட்டனர். கடலிலிருந்து பிடித்த மாண்டரினை வாங்காதீர்கள் என்பதே என் விடை. அதிலும் நீண்ட முதுகுமுள்ளும் மிகுந்த அழகும் உடைய ஆண் மீன்களையே வியாபாரிகள் விரும்புவதால், பாறையில் பெண்களுக்குத் துணையில்லாமற் போகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 2010 ஆம் ஆண்டளவில் இம்மீனைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்து, உருண்டை உணவு உண்ணப் பழக்கி விற்கத் தொடங்கினர். அத்தகையது கிடைத்தால், அதுவும் முதிர்ந்த தொட்டி இருந்தால், யோசிக்கலாம். கிடைக்காவிட்டால் கோமாளி மீன் போதும். அவையும் இன்று தொட்டிகளில் பெருவாரியாகப் பொரிக்கப்படுகின்றன. கடைக்காரர் "எல்லாம் சாப்பிடும்" என்றால், உங்கள் கண்ணெதிரே ஊட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

உரையை இத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். மருமகப்பிள்ளை வெளியூர் சென்றிருக்கிறார். நேற்றிரவு இட்ட முட்டைகள் இன்றிரவு பொரித்துவிடும்; வடிகட்டுவதற்கு நான் அங்கே போகவேண்டும். தானத்தைப் பற்றிய உரை அடுத்த பௌர்ணமியன்று நிகழும்.